வாசல் வைக்காத சுவர்

வீட்டுக்குப் பின்னால் இல்லாத சுவர் ஒன்று, மத்தியான நேரத்தில் திரையில் நின்றது. வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, மதில், வேலி, தடுப்பு எல்லாவற்றையும் தெருத்தெருவாகக் கணினி வரைபடத்தில் கோடாக இழுப்பது அவன் பிழைப்பு. தன் வீட்டுப் பக்கம் இன்று அவன் போகவே இல்லை. கோட்டைத் தொட்டுப் பார்த்தான். வரைந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் இருந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சு போல" என்று முனகி அழித்தான்.

அழித்த கோடு திரும்ப வந்தது. கூடவே இடப்பக்கமும் ஒன்று. கொல்லைப்பக்கத்திலிருந்து ஈரச் சிமெண்டின் வாடையும், கரண்டி செங்கல்லைத் தட்டும் ஓசையும், தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே யாரோ மூச்சுக்குத் தவித்து நெஞ்சை இழுக்கும் சத்தமும் அறைக்குள் மெல்லக் கசிந்தன. ஜன்னலைத் திறந்தான். துணி காயும் கொடி இல்லை. சுவர்.

அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். அண்ணிக்கு இழுப்பு நோய்.

அண்ணன் தம்பி தகராறில் அரிவாள் தூக்குகிறவர்கள் உண்டு. இந்தக் கெட்டிக்காரன் மவுஸைத் தூக்கினான். பொதுச் சந்தில் அண்ணன் வண்டி நிறுத்தி வம்பு பண்ணினார் என்பதற்காக, முன்பு ஒருநாள் அவர் வீட்டுச் சந்தின் குறுக்கே வரைபடத்தில் ஒரு பொய்ச்சுவரை இழுத்துவிட்டான். சுவரில் வாசல் புள்ளி வைக்காவிட்டால், வழிகாட்டும் செயலி எந்த வண்டியையும் அந்தப் பக்கம் விடாது. அண்ணனைத் தேடி வருகிறவர்கள் அலையட்டுமே என்று நினைத்தான். அலைந்தது ஆம்புலன்ஸ். "சந்துல சுவர்னு காட்டுதுங்க, சுத்திட்டு வர்றோம்" என்றார் ஓட்டுநர். சுற்றி வருவதற்குள் அண்ணி போய்விட்டாள். அவன் சத்தமில்லாமல் கோட்டை அழித்தான். சாவு வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுதவனும் அவன்தான்.

இப்போது வலப்பக்கமும் கோடு வளர்ந்தது. உயரம் என்ற கட்டத்தில் எண் ஏறியது. ஏற ஏற அறையில் வெயில் வடிந்தது. வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தான். அங்கேயும் செங்கல். நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி மட்டும்.

போனை எடுத்தான். "அண்ணே, உள்ள மாட்டிக்கிட்டேன். கடப்பாரைய எடுத்துட்டு சீக்கிரம் வா."

"என்னடா உளர்றே? சரி, வர்றேன் இரு."

போனில் அண்ணனின் செருப்புச் சத்தம். பிறகு அது நின்றது.

"டேய், சந்துக்குக் குறுக்க சுவர் நிக்குதுடா. எவன் கட்டினான்? இரு, சுத்திட்டு வர்றேன்."

"வேணாம்ணே! சுத்தாத!"

இணைப்பு போய்விட்டது.

திரைக்கு ஓடி நாற்காலியில் விழுந்தான். கோட்டின் இரு முனைகளும் இன்னும் சேரவில்லை. அங்கே ஒரு வாசல் புள்ளி வைத்தால் போதும். பிழைத்துவிடலாம். மவுஸைப் பிடித்தான்.

அவன் கைமேல் ஒரு கை.

சில்லென்று. நகக்கண்ணெல்லாம் நீலம். காதோரம் இழுப்பு.

"அண்ணி... தெரியாம பண்ணிட்டேன் அண்ணி..."

அந்தக் கை அவன் கையோடு மவுஸை நகர்த்தியது. முனைகள் சேர்ந்தன. வாசலில் கடைசிச் செங்கல் உட்காரும் ஓசை.

இருட்டு. திரை வெளிச்சம் மட்டும்.

வெளியே, பள்ளி விட்டு வந்த மகளின் குரல். "அம்மா, நம்ம வீடு எங்கம்மா?"

கத்தினான். காற்று வரவில்லை.

அண்ணி அவசரப்படவில்லை. அவன் கையைப் பிடித்தபடியே, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி அடுத்த கோட்டைத் தொடங்கினாள்.