மூன்று வெட்டு ஹோல்டர்

ஃபிலிம் வைக்கும் ஹோல்டர் கேமராவில் ‘டக்’கென்று உட்கார்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் அதை உடனே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்று வருடமாகப் பழைய சாமான் கடை, ஏலம், இழுத்து மூடிய ஸ்டுடியோ என்று நாயாய் அலைந்து வாங்கிய பதினோரு ஃபிலிம் ஹோல்டரில் ஒன்றுகூட இந்தப் பெட்டிக் கேமராவின் முதுகில் ஒழுங்காகப் பொருந்தியதில்லை. ஒன்று நூலளவு தடிமன், ஒன்றில் ஓரமாக வெளிச்சம் புகுந்தது, ஒன்றில் முகமெல்லாம் கலங்கி வந்தது.

பொருந்துகிறவை எல்லாம் புருஷனிடம் இருந்தன. பிரிந்தபோது கேமராவும் மகளும் அவளுக்கு என்று முடிவானதும், ஹோல்டர்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனான். என்ன ஒரு கெட்ட புத்தி! கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் பண்ணினான்.

“பாப்பாவும் நானும் சேர்ந்து ஒரே ஒரு படம். எடுத்துக் குடேன்.”

“முதல்ல ஹோல்டரக் குடு. அப்புறம் பேசு,” என்று வைத்துவிட்டாள்.

அவன் செத்துப் போய் நாலு மாதம். இன்று மதியம் நாத்தனார் வந்து இந்த ஒன்றை மேசையில் வைத்தாள். “இப்ப மனசு குளிர்ந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, உட்காராமலே போய்விட்டாள்.

ஓரத்தில் அவன் அரத்தால் ராவிய மூன்று வெட்டு. எந்த ஹோல்டரில் எடுத்தது என்று தெரிய, படத்தின் விளிம்பிலும் அது விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபிலிம். மேலே மூடும் தகடு. தகட்டின் வெள்ளை முகம் வெளியே தெரிந்தால் புது ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது. இதில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. அவன் அதில் தப்பே பண்ணமாட்டான்.

கேமரா இங்கே இருக்க, எதை வைத்து எடுத்தான்?

இருட்டறையில் கறுப்புப் பக்கத்து ஃபிலிமை உருவி டப்பாவில் மூடினாள். கதவைத் திறந்து ஹோல்டரை முன்னறையில் இருந்த மகளிடம் கொடுத்தாள்.

“கேமராவுல மாட்டி வை, கண்ணு. வேற எதையும் தொடாத.”

கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கின் மங்கலில், மூக்கைத் துளைக்கும் புளித்த மருந்து நெடியில், கூரையில் மழை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, ஃபிலிமைத் தட்டில் போட்டு மெல்ல ஆட்டி ஆட்டி அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபிலிமில் கோடுகள் ஊறி வந்தன. நெகட்டிவைப் படித்துப் பழகிய கண். விளிம்பில் மூன்று வெட்டு. ஒரு அறை. நாற்காலி.

இவள் வீட்டு முன்னறை. ஜன்னலில் போன வாரம் வாங்கிய திரை.

நாற்காலி காலி. பக்கத்தில் அவன். தலைமுடி வெள்ளை, முகம் கறுப்பு. கை மட்டும் தாழ்ந்து, யாரோ ஒரு குட்டி ஆளின் தோளில் வைத்தது போல, வெறும் காற்றில்.

வெளியே ‘சர்ர்க்’.

தகடு உருவும் சத்தம்.

“கண்ணு! தொடாதேன்னேன்ல!”

“நான் தொடலம்மா.” குரல் உதடு அசையாமல் பேசியது போல இருந்தது. “ஆடக் கூடாதாம்.”

கதவு. தாழ்ப்பாள். விரல் வழுக்கியது. திறந்தாள்.

லென்ஸ் மூடி தரையில் கிடந்தது. தகடு மேசையில், கறுப்பு முகம் மேலாக.

நாற்காலியில் மகள். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. கண் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அவளுடைய இடது தோளில், சட்டைத் துணி நான்கு விரல் அகலத்துக்கு அழுந்தி இருந்தது.