இபுகியின் இடிச் சத்தம்

மூன்று வாரமாக இபுகி ஒரு பிரமாதமான சத்தத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அது அவளைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

ஜப்பானின் ஹமாமத்சு நகரத்தில், ஐந்து மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அவள் வீடு. சுவர்கள் எல்லாம் அப்பளம் போல மெல்லிசு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கிருந்தே நலம் விசாரிக்கலாம். அந்த வீட்டில் எலக்ட்ரிக் கிட்டாரை அலற விட முடியுமா?

அதற்காகத்தான் மாமா அவளுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார். பள்ளிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். ஆனால் பீரோ அளவு ஆம்ப்ளிஃபையர் போடும் சத்தத்தை அச்சு அசலாகப் போட்டுக் காட்டும். கிட்டாரை அதில் செருகி ஹெட்போனை மாட்டினால் போதும். காதுக்குள் இடி இடிக்கும், பக்கத்து அறையில் அப்பா நிம்மதியாகத் தூங்குவார்.

பெட்டியில் வரிசையாகக் குமிழ்கள் இருந்தன. கெயின் குமிழைத் திருப்பினால் கிட்டார் உறுமும். பேஸ் குமிழ் தடித்த ஒலிக்கு. ட்ரெபிள் கூர்மையான ஒலிக்கு. மிட் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒலிக்கு. இபுகி கெயினை முழுசாகத் திருப்பினாள். பேஸையும் ட்ரெபிளையும் தாராளமாக ஏற்றினாள். மிட் மட்டும் ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போல இருந்தது. அதைக் கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டாள். அப்படிக் கிடைத்த சத்தத்துக்கு 'டைனோசர்' என்று பெயர் வைத்துப் பெட்டியில் சேமித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிறுவர் மன்றத்தில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை அங்கே விழா. இபுகியும் அவள் வகுப்புத் தோழர்கள் இருவரும் அதில் வாசிக்கப் போகிறார்கள். ரியோஹெய்க்கு டிரம்ஸ். மதோகாவுக்கு நான்கு தடித்த கம்பிகள் உள்ள பேஸ் கிட்டார். மதோகா அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்க வேண்டும்.

"இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பயந்துடப் போறீங்க" என்றாள் இபுகி, பெட்டியை ஸ்பீக்கரோடு இணைத்தபடி.

"பயம்லாம் அப்புறம். முதல்ல ஆரம்பி" என்றான் ரியோஹெய். அவன் வாயில் பாதி ஒனிகிரி சோற்று உருண்டை இருந்தது.

ஆரம்பித்தார்கள். பாதிப் பாட்டில் ரியோஹெய் கையை நிறுத்தினான்.

"ஏய், நீ வாசிச்சியா இல்லையா?"

"வாசிச்சேனே!"

"எனக்கு ஏதோ ஃபேன் ஓடுற மாதிரிதான் கேட்டுச்சு."

இபுகிக்குச் சுருக்கென்றது. சத்தத்தை ஏற்றினாள். தன் டிரம்ஸ் கேட்காமல் போகுமோ என்று ரியோஹெய் இன்னும் பலமாக அடித்தான். மதோகாவும் தன் பங்குக்கு ஏற்றினாள். அவ்வளவுதான், சுவரில் இருந்த விளக்கு பளிச்சென்று சிவந்தது.

அந்த விளக்கு பொல்லாதது. சத்தம் எல்லை மீறினால் சிவக்கும். பக்கத்து அறையில் குட்டிப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். ஒரே ஒத்திகையில் மூன்று முறை சிவந்தால் விழாவில் இடம் கிடையாது என்பது மன்றத்தின் விதி.

மீண்டும் வாசித்தார்கள். மீண்டும் சிவந்தது. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் குசாகா அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு ஆச்சு, கண்ணுங்களா. இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கதவு மூடியது. அப்புறம் மதோகா ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன மதோகா?" இபுகி குனிந்தாள்.

"நான் வாசிக்கலன்னா சத்தம் குறையும்ல? ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வாசிங்க. என்னோடது எப்படியும் யாருக்கும் கேக்கல. எனக்கே கேக்கல."

சொல்லிவிட்டு அவள் பேஸ் கிட்டாரை உறைக்குள் வைக்கப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் அமைதியாகச் சொன்னதுதான் இபுகிக்குத் தாங்கவில்லை.

"இரு. நீ மட்டும் ஒரு தடவை வாசி" என்றாள்.

"இப்பவா? தனியாவா?"

"ஆமா. தனியா."

மதோகா தயங்கித் தயங்கி வாசித்தாள். தும், தும்தும், தும். யாரோ ஒருவர் தெம்பாகப் படியேறி வருவது போல இருந்தது. இத்தனை நாளும் இவள் இதையா வாசித்துக்கொண்டிருந்தாள்? இபுகிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நிறுத்தாத" என்று சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள். அடுத்த நொடியே அந்தப் படியேறும் சத்தம் காணாமல் போனது. இபுகி கையை எடுத்தாள். அது திரும்ப வந்தது. வாசித்தாள். மறுபடி காணோம்.

"மதோகா, உன்னை முழுங்குறது நான்தான்!"

இபுகி பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். தன் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கினாள். வாசித்துப் பார்த்தாள். இன்னும் இறக்கினாள். மதோகாவின் 'தும்' திரும்பக் கேட்கும் வரை இறக்கிக்கொண்டே போனாள்.

"இப்ப உன் கிட்டார் மட்டும் தனியாப் போடு" என்றான் ரியோஹெய். போட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "டைனோசர் எலிக்குட்டி ஆயிடுச்சு!"

"தனியா வாசிக்கவா போறேன்? மூணு பேரும் சேர்ந்து எப்படிக் கேக்குதுன்னு பார்ப்போம். நீயும் மெதுவா அடி."

மூவரும் வாசித்தார்கள். மதோகாவின் 'தும்' கேட்டது. ஆனால் கிட்டார் இன்னும் பின்னால் எங்கோ ஒளிந்துகொண்டுதான் இருந்தது. அடியில் பேஸ் கிட்டார், உச்சியில் டிரம்ஸின் தட்டுகள். நடுவில் மட்டும் யாரும் இல்லை. நடுவா? அந்தக் குமிழைத்தானே அவள் பூஜ்ஜியத்தில் வைத்திருந்தாள்!

மிட்டை ஏற்றினாள். ஹெட்போனில் சகிக்காமல் இருந்த அதே ஒலி, இங்கே முன்னால் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மிச்சம் இருந்தது. அது கெயினின் வேலை.

கெயினைத் தொடத்தான் அவளுக்குக் கை வரவில்லை. கெயின் நிறைய இருந்தால் விரல் தவறினாலும் அந்த உறுமலில் மறைந்துவிடும். குறைத்தால் ஒவ்வொரு தப்பும் ஊருக்கே தெரியும். மதோகா மறுபடி உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். இபுகி கண்ணை மூடிக்கொண்டு கெயினைப் பாதிக்கு இறக்கினாள்.

முதல் வரியிலேயே இரண்டு தப்பு, பளிச்சென்று கேட்டது.

"ரெண்டாவது இடத்துல விரல் வழுக்குது" என்றாள் மதோகா. இந்த முறை குனிந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தெரியுது! சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுறேன். நீ அந்த உறையைக் கீழ போடு."

மதோகா உறையைக் கீழே போட்டாள். முழுப் பாட்டையும் வாசித்தார்கள். கிட்டார் உறுமியது, உறுமலுக்கு நடுவே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. ரியோஹெய் இப்போது பலமாக அடிக்க வேண்டிய தேவையே இல்லை. சுவர் விளக்கு கடைசி வரை பச்சையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் குட்டிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு பாதி வந்தபோது அவர்கள் சாக்ஸ் போட்ட கால்களால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். தும், தும்தும், தும். டிரம்ஸுக்கு அல்ல, கிட்டாருக்கும் அல்ல. மதோகாவுக்குத்தான் தட்டினார்கள்.

இபுகி அதைப் பார்த்தாள். அடுத்த வரி அவளுடையது. ஆனால் அவள் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கிக்கொண்டாள். மதோகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆனாலும் விரல்களை நிறுத்தவில்லை. கூடம் முழுக்க அவளுடைய பேஸ் கிட்டார் தெம்பாகப் படியேறியது. அவள் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது.

"இபுகி! என்ன பண்றே? வாசி!" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் ரியோஹெய்.

"இருடா" என்றாள் இபுகி. "கொஞ்சம் கேட்டுட்டு வரேன்."