வெள்ளைக்கு விட்ட இடம்

மூட்டுவலிக்காரன் மாடி வீடு பார்க்கலாமா? பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மனைவி சொல்லிவிட்டாள். ஓவியக்காரியைக் கட்டியவனுக்கு அதற்குமேல் வாய் கிடையாது.

பழைய வீடு. படிக்கட்டுத் திருப்பத்தில் காயாத துணியின் வாடை. குடிவந்த அன்றே யாரோ ஏறுவதும் இறங்குவதுமாகச் சத்தம். எலி என்றேன்.

"எலிக்கு ரெண்டே காலா?" என்றாள். அவளுக்குத் தூக்கம் போயிற்று. இப்படியே இருந்தால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில் அந்தப் படிக்கட்டையே துணியில் நீர்வண்ணமாகத் தீட்டினாள். சத்தம் நின்றது. தூங்கினாள், குறட்டையோடு.

அவள் தீட்டியதன்மேல் அதே நிறங்களை நூலால் தைப்பது என் வேலை. நீலம் கரைந்து மங்கும் இடத்தில் பட்டுநூலை ஒற்றை இழையாகப் பிரிக்க வேண்டும். படத்தின் திருப்பத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு வெற்றிடம். நீர்வண்ணக்காரர்களுக்கு வெள்ளை என்றால் தொடாமல் விடுவது. தையல்காரனுக்கு வெள்ளையும் ஒரு கண்டு நூல்தான். நெருக்கி அடைத்தேன்.

கடைசி முடிச்சைப் போட்டேன்.

படியில் சத்தம்.

ஏறி வந்தது. இறங்கவில்லை.

மனைவி வந்து துணியைப் பார்த்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"விட்டுப்போன இடத்த அடைச்சேன்."

"விட்டுப்போகல. நான்தான் விட்டேன். அவ நிக்கறதுக்கு."

"எவ?"

"இனிமே எங்க நிப்பா?"

பதறிப் பிரித்தேன். இழை ஒவ்வொன்றும் நனைந்து வந்தது. மிஞ்சியது ஊசித் துளைகள்.

"சல்லடைல யாருங்க குடியிருப்பா?" என்றாள். அந்த நேரத்திலும் குத்தலுக்குக் குறைவில்லை.

அன்று மாலையே கொழுந்தியாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். என்னையும்தான் கூட்டி வந்தாள். மாடி கிடையாது, படி கிடையாது, சத்தமும் கிடையாது.

ஒன்றே ஒன்று. கண்ணாடி போட்டாலும் எனக்கு ஊசியின் காது தெரியாது; மனைவிதான் கோர்த்துத் தருவாள். இங்கே வந்த பிறகு எந்த ஊசியை எடுத்தாலும் கோர்த்தே இருக்கிறது. நீளமாக, வெள்ளையாக, ஒற்றை இழை.

நான் வழுக்கை. மனைவிக்கும் அவள் தங்கைக்கும் இன்னும் கருங்கூந்தல்.

அது நூல் இல்லை என்று மனைவியிடம் சொல்லவில்லை. பாவம், இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள்.