மாயெஸ்த்றோவுக்குக் கட்டின சால்வை

சின்யோறா அகத்தா என்னை ஐஞ்சு மணிக்குத்தான் வரச்சொன்னவ. நான் மூண்டரைக்கே போய்க் கதவடியிலை நிண்டன். நேரத்துக்குப் போற நல்ல பழக்கம் எண்டு நினையாதேங்கோ. அவ வாறதுக்கு முன்னம் அந்த வீட்டுக்குள்ளை எனக்கு ஒரு அலுவல் இருந்தது. ஊத்தை அலுவல்.

அண்டைக்குச் சிறொக்கோ அடிச்சது. கடலைத் தாண்டி ஆபிரிக்காவிலை இருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வாற சூட்டுக் காத்து. அது அடிக்கிற நாளிலை பலேர்மோச் சனம் யன்னல் எல்லாத்தையும் அடிச்சுச் சாத்திப்போட்டு உள்ளுக்கை கிடக்கும். நான் இருக்கிற பல்லரோவிலை இருந்து அந்த வீடு இருக்கிற கால்சா மட்டும் நடந்து வந்தன், தெரிஞ்ச முகம் ஒண்டையும் காணேல்லை. அதுகும் நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சன். ஆறு வருசமாய் என்ரை திறப்புக்கோர்வையிலை தொங்கின திறப்பைப் போட்டுத் திருப்ப, கதவு வழக்கம்போலை ஒருக்கா முனகிப்போட்டுத் திறந்தது.

உள்ளுக்கை யூக்கலிப்ரஸ் எண்ணெய் மணம். மாயெஸ்த்றோ நெஞ்சிலை பூசுற எண்ணெய். அவர் செத்து அண்டைக்கு முப்பத்தோராம் நாள். எங்கடை ஊரிலை எண்டால் அந்தியேட்டி செய்து ஆளை வழியனுப்பி இருப்பம். இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை.

மாயெஸ்த்றோ, சங்கீத ஆசான், எண்டுதான் அவரை ஊரே கூப்பிடும். முழுப்பேர் றொசாரியோ ஸ்காலிசி. நான் அவரைப் பராமரிக்க நிண்டனான். அவர் பல்லரோச் சந்தையிலை மீன் வித்த ஒருத்தரின்ரை மகன். சின்னனிலை தேப்பனோடை நிண்டு மீன் கூவி வித்த குரலைக் கேட்டு ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டுப் பழக்கினவராம். பிறகு மிலானோ, வியன்னா, புவெனஸ் அயர்ஸ் எண்டு உலகம் முழுக்கச் சுத்திப் பாடினவர். ஒப்பெறா எண்ட பாட்டு நாடகத்திலை காதலனாய் வந்து உச்சத்திலை நிண்டு பாடுறது தெனோர் குரல், அதுதான் அவரின்ரை குரல். சுவர் முழுக்க அவரின்ரை படம். ஒண்டிலை கிரீடம், ஒண்டிலை வாள், ஒண்டிலை செத்துக்கிடக்கிற பெட்டையை மடியிலை வைச்சு அழுறார்.

அறுபத்தியொரு வயசிலை சொந்த ஊரிலை பாட வந்த இடத்திலை, அந்த உச்சச் சுரத்திலை குரல் உடைஞ்சு போச்சு. அரங்கின்ரை மேல்மாடியிலை இருந்த சனம் மீன்காரர் கூவுற மாதிரிக் கூவிச் சிரிச்சதாம். அவர் மேடை உடுப்போடையே வீட்டை நடந்து வந்தவர். அதுக்குப் பிறகு ஒரு மேடையிலையும் ஏறேல்லை.

ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குப் பாடுவார். வாயை மூடிக்கொண்டு. நான் பியானோவிலை ஒரு கட்டையை அமத்துவன். அவர் அந்தச் சுரத்தை ம்ம்ம் எண்டு பிடிச்சு நிப்பாட்டிப்போட்டு, அடுத்த கட்டைக்காகப் பாத்துக்கொண்டிருப்பார். நான் அமத்துவன், அவர் ஒரு படி ஏறுவார். உச்சத்துக்கு ஒரு படி கீழை வந்ததும் நிப்பாட்டிப்போடுவார். எல்லாத்தையும் ஒரு பழைய ரேப் றெக்கோடரிலை பதிவார். அடுத்த நாள் அதே கசெற்றிலை அதுக்கு மேலாலை பதிவார். ஏன் வாயைத் திறக்கிறேல்லை எண்டு ஒருநாள் கேட்டன்.

"வாயைத் திறந்தால்தான் சனம் சிரிக்கும், விஜிதா" எண்டார்.

அந்த றெக்கோடரைத்தான் நான் தேடி வந்தனான். முதல்நாள் அகத்தா போன் எடுத்தவ. அவ மாயெஸ்த்றோவின்ரை ஒரே மகள், வடக்கிலை தொறீனோவிலை இருக்கிறா, வீட்டை ஒதுக்க வந்து நிண்டவ. என்னை ஒரு தங்கச்சி மாதிரி நடத்தின மனிசி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலை றெக்கோடர் விழுந்து கிடந்ததாம். கசெற் கடைசி மட்டும் ஓடி நிக்குதாம்.

"அப்பான்ரை கடைசி நாளாய்த்தான் இருக்கும். தனியக் கேக்க எனக்குப் பலமில்லை. நீரும் வாரும், சேர்ந்து கேப்பம்" எண்டா.

போனை வைச்சபிறகு திறப்புக்கோர்வையைத் தேடி எடுத்தன். பொலிஸ் வரும், இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ போகும் எண்ட பயம் இருந்ததுதான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அதைவிட, அந்தக் கசெற்றைக் கேட்டாப் பிறகு அகத்தா என்னைத் திரும்பிப் பாக்கிற பார்வை. அதுக்கு முன்னாலை நிக்க எனக்கு முகம் இல்லை.

மாயெஸ்த்றோவின்ரை அறைக்குள்ளை போனன். யன்னல் சாத்தினபடி, இடுக்காலை மண் நிறத்திலை கொஞ்ச வெளிச்சம். கட்டில் வெறுமனே கிடந்தது. கால்மாட்டிலை நிண்ட பியானோவை அதுக்கு முந்தின கிழமை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாச்சு. அதின்ரை மூண்டு காலும் நிண்ட இடம் தரையிலை வட்டம் வட்டமாய்த் தெரிஞ்சது. றெக்கோடர் மேசையிலை இருந்தது. கசெற்றை முழுக்கப் பின்னுக்குச் சுத்திப்போட்டு அமத்தினன்.

சர்ர் எண்டு ஓடிச்சுது. மாயெஸ்த்றோ செருமினார். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. பிறகு நான் வாறன். கோப்பையும் தட்டும் முட்டுப்படுது. "மாயெஸ்த்றோ?" எண்டு என்ரை குரல். திரும்பவும், "மாயெஸ்த்றோ?"

அவர் செத்த நாள் நாலு மணிக்குக் கமொமில் பூத் தேத்தண்ணியோடை போனனான். பாதிக் கண் திறந்து, வாய் பிளந்து கிடந்தார். மூக்கடியிலை புறங்கையை வைச்சன், மூச்சு இல்லை. நெஞ்சிலை காதை வைச்சன், ஒண்டும் கேக்கேல்லை. கை காலெல்லாம் குளிர்ந்து போய்க் கிடந்தது. எண்பத்தெட்டு வயசு மனிசன்.

அதுக்குப் பிறகு என்ரை கை தன்ரைபாட்டிலை செய்தது. கடைசிச் சண்டை நேரம் வன்னியிலை, பங்கருக்குள்ளை, செத்த ஐஞ்சு பேருக்கு நான் நாடி, தாடை, கட்டினனான். உடம்பு விறைக்க முன்னம் கட்ட வேணும், இல்லாட்டி வாய் பிளந்தபடியே போய்விடும். அங்கை ஈ மொய்க்கும். அதாலை வாய்க்கு மேலாலையும் இறுக்கி ஒரு சுத்துச் சுத்துறனாங்கள். மாயெஸ்த்றோவின்ரை கழுத்திலை எந்த நாளும் ஒரு வெள்ளைப் பட்டுச் சால்வை கிடக்கும், குரலுக்குக் குளிர் பிடிக்கக் கூடாதெண்டு. அதை உருவி எடுத்து, நாடிக்குக் கீழாலை குடுத்து உச்சியிலை முடிஞ்சு, மிச்சத்தை வாய்க்கு மேலாலை சுத்திக் கட்டினன். கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினன். எல்லாம் வடிவாய்ச் செய்தன்.

பலேர்மோவிலை, யன்னல் சாத்தின அந்த அறைக்குள்ளை, ஒரு ஈயும் இருக்கேல்லை.

கசெற்றிலை பட்டு உரசுற சத்தம் கேட்டுது. என்ரை காலடி தூரப் போகுது. குசினியிலை இருந்து டொக்டருக்குப் போனிலை கதைக்கிறன். பிறகு அமைதி.

ம்ம்ம்ம்.

அண்டைக்கும் எனக்கு இது கேட்டது. இதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிரேதத்திலை இருந்து காத்து வெளிக்கிடும், சத்தம் வரும், பங்கருக்கை கேட்டிருக்கிறன் எண்டு எனக்கு நானே சொன்னன். ஆனால் காத்து ஒரு சுரத்தைப் பிடிச்சு நிக்காது. நிண்டுபோட்டு, பியானோக் கட்டைக்காகப் பாத்துக்கொண்டிருக்காது.

ம்ம்ம்ம்.

பாத்துக்கொண்டிருந்தார்.

ம்ம்ம்ம்.

என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த வாயாலை வேறை எப்பிடிக் கூப்பிடுறது?

உண்மையைச் சொல்லுறன், வேறை ஆருக்கும் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆறு வருசம் ராப்பகலாய்ப் பாத்துக் களைச்சுப்போன எனக்கு, முடிஞ்சுது எண்டு ஒரு ஆறுதல் வந்திட்டுது. திரும்பி அந்த அறைக்குள்ளை போனால் அந்த ஆறுதல் இல்லாமல் போயிடும். நான் போகேல்லை. குசினிப் பைப்பை முழுசாய்த் திறந்துவிட்டன்.

கசெற்றிலை தண்ணி ஓடுற சத்தம் கேட்டுது.

நான் நிப்பாட்டிப்போட்டன். மிச்சம் எனக்குத் தெரியும். டொக்டர் ஐஞ்சு மணிக்கு வாறார் எண்டு, அதுக்கு முன்னம் போய்ச் சால்வை முடிச்சை அவிட்டன். இத்தாலிக்காரருக்கு இது பிடிக்காது எண்டு சிநேகிதி நிரோசினி முந்தியே சொல்லியிருக்கிறாள். சால்வையிலை வாய் பட்ட இடம் நனைஞ்சு, இளஞ்சூடாய் இருந்தது. அவருக்கு மூக்கு எப்பவும் பாதி அடைப்பு. வாயாலைதான் மூச்சு விடுறவர். அதுகும் எனக்குத் தெரியும். டொக்டர் தொட்டுப் பாத்திட்டு, உடம்பு இன்னும் சுடுது, உயிர் போய்க் கால் மணித்தியாலம்கூட இராது, பக்கத்திலை இருந்தனீரோ எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

இப்ப என்ன செய்யிறது? கசெற்றைக் களவெடுத்தால் அகத்தா கேப்பா. நாடாவை இழுத்து அறுத்தால் தெரிஞ்சிடும். மாயெஸ்த்றோ செய்யிற மாதிரியே, அதுக்கு மேலாலை பதிய வேண்டியதுதான். நாப்பத்தைஞ்சு நிமிசம். ஒரு சத்தமும் போடாமல் இருந்தால் சரி, கசெற் பழுது எண்டு அகத்தா நினைப்பா. பின்னுக்குச் சுத்தி, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமத்தினன். சிவப்பு லைற் எரிஞ்சது. நேரம் நாலுக்கு ரெண்டு நிமிசம் இருந்தது.

கட்டில் விளிம்பிலை இருந்தன். வெளியிலை காத்து யன்னல் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுகும் நிண்டிட்டுது.

யூக்கலிப்ரஸ் மணம் கூடிச்சுது.

ம்ம்ம்ம்.

றெக்கோடரைப் பாத்தன். அது பாடேல்லை. அது பதிஞ்சுகொண்டிருந்தது.

ம்ம்ம்ம்.

எனக்குப் பின்னாலை. தலையணைப் பக்கம்.

கத்த வேணும் போலை வந்தது. கத்தினால் பதியும். எழும்பி ஓடினால் காலடி பதியும். ரெண்டு கையாலையும் என்ரை வாயைப் பொத்திக்கொண்டன். கன்னம் நோக நோகப் பொத்தினன். மூக்காலை மட்டும் மூச்சு வந்து போச்சுது, அது காணாமல் நெஞ்சு அடிச்சுக்கொண்டது. அவருக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு அப்பதான் உடம்புக்கு விளங்கிச்சுது.

சுரம் நிண்டுது. பாத்துக்கொண்டிருந்தது. அமத்துறதுக்குப் பியானோ இல்லை.

கட்டில் எனக்குப் பின்னாலை மெதுவாய் அமிழ்ந்தது.

நான் திரும்பிப் பாக்கேல்லை. ஆறு வருசம் பக்கத்திலை இருந்தவள், அப்பவும் திரும்பேல்லை.

கசெற் முடிஞ்சு பட்டன் டக்கெண்டு எழும்ப, நான் வரவேற்பறைக்கு ஓடிப்போய் நிண்டன். ஐஞ்சு மணிக்கு அகத்தா வந்தா. என்ரை முகத்தைப் பாத்திட்டு, அழுதிருக்கிறன் எண்டு நினைச்சுக் கட்டிப்பிடிச்சா. ரெண்டு பேரும் அந்த அறையிலை இருந்தம். அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பட்டனை அமத்தினா.

சர்ர் எண்டு ஓடிச்சுது. நான் எதிர்பாத்த வெறும் அமைதி. பிறகு ஆரோ மூக்காலை பதகளிச்சு மூச்சு விடுறது கேட்டுது. நான்தான்.

பிறகு, ம்ம்ம்ம்.

பிறகு பியானோக் கட்டை ஒண்டு.

நான் தரையிலை இருந்த மூண்டு வட்டத்தையும் பாத்தன். கசெற்றிலை திரும்பவும் சுரம், திரும்பவும் கட்டை. படிப்படியாய் ஏறிச்சுது. எனக்கு அந்த அறையிலை கேக்காத கட்டை ஒவ்வொண்டும் கசெற்றிலை தெளிவாய்க் கேட்டுது. எந்த நாளும் அவர் நிப்பாட்டுற படி வந்தது. நிக்கேல்லை. அதைத் தாண்டி உச்சச் சுரத்திலை போய் நிண்டுது, மூடின வாயாலை, ஒரு கீறல் இல்லாமல், கசெற் முடியும் மட்டும்.

அகத்தா வாயிலை கையை வைச்சுக்கொண்டு அழுதா. இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு அந்தச் சுரத்தைத் தொட்டிட்டார் எண்டா. பிறகு என்னைப் பாத்தா. நான் பயந்த பார்வை இல்லை. அதைவிடப் பொல்லாத பார்வை.

"இது உம்முடைய மூச்சு தானே, விஜிதா? கடைசி மட்டும் பக்கத்திலை இருந்து கட்டையை அமத்திக் குடுத்திருக்கிறீர்."

இப்ப சொல்லியிருக்கலாம். இப்பவாவது. வாயைத் திறந்தன்.

"ஓம்" எண்டன்.

அவ என்ரை ரெண்டு கையையும் எடுத்துக் கொஞ்சினா. சால்வையை முடிஞ்ச கை. பிறகு அலுமாரியைத் திறந்து, நான் தோய்ச்சு மடிச்சு வைச்ச அந்த வெள்ளைப் பட்டுச் சால்வையை எடுத்து, இது உமக்குத்தான் சேர வேணும் எண்டு தன்ரை கையாலையே என்ரை கழுத்திலை சுத்திவிட்டா. வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஒரு நியாயமும் இருக்கேல்லை. தொண்டையிலை ஒரு இடத்திலை ஈரம் பட்டுது.

வீட்டை வந்து திரும்பத் தோய்ச்சுப் பல்கனிக் கொடியிலை போட்டன். ஜூலை வெயில். மற்ற உடுப்பெல்லாம் அரை மணித்தியாலத்திலை மொறுமொறுவெண்டு காய்ஞ்சிட்டுது. சால்வையும் காய்ஞ்சது, நடுவிலை உள்ளங்கை அளவு ஒரு இடம் தவிர. இஸ்திரிக்கைப் போட்டுப் பாத்தன். ரெண்டு கிழமையாய் வெயிலிலை விட்டுப் பாத்தன். எறிஞ்சுபோட்டு வரவும் போனனான். குப்பைத் தொட்டியடியிலை நிண்டு கையை விரிக்கேல்லை. இன்னொருக்கா அந்தாளை விட்டிட்டு வர எனக்கு ஏலாமல் போச்சு.

இண்டைக்கு நாலு மணிக்குப் பல்கனிக்குப் போய் அந்த இடத்தைத் தொட்டன். ஈரமாய், இளஞ்சூடாய் இருந்தது. காத்துத் துளியும் இல்லை. பட்டு என்ரை விரலுக்குக் கீழை ஒருக்கா உள்ளுக்குப் போய், ஒருக்கா வெளியிலை வந்தது.