உப்புவெளி ஜீப்பின் பின்பக்கச் சத்தம்

ஜீப்பில் வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கியதைக் கண்டதும், இது வெறும் ரிப்பேர் வேலை அல்ல என்று ஸஜ்ஜாத் தெரிந்துகொண்டான். அவனுக்குக் கை பரபரத்தது.

உட்துறைமுக வீதியில் இருக்கும் அந்த கராஜில் நிரோஷினியும் அவனும் கூட்டாளிகள். சாமான் வாங்குவதும் வருகிறவர்களோடு கதைப்பதும் அவன் பொறுப்பு. வண்டிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. ஒருநாளாவது அவளை முந்திக்கொண்டு கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விட்டபாடில்லை.

முதலில் இறங்கியவர் கிறிஸ்தோபர், உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். விருந்தினரைக் கடலுக்கு அழைத்துப்போகும் படகை இந்த ஜீப்தான் இழுத்துப் போய், பின்பக்கமாகவே சென்று அலைக்குள் இறக்கிவிடும். மற்றவர் அவருடைய சாரதி தாஹிர், கிண்ணியாக்காரர்.

"பின்பக்கம் டக் டக் எண்டு தட்டுது," என்றார் கிறிஸ்தோபர். "நான் வண்டியை ஓடினா ஒரு சத்தமும் இல்லை. இவர் ஓடினா மட்டும்தான் தட்டுது. போன கிழமை நானே பக்கத்தில இருந்து கேட்டனான்."

ஷொக் அப்சோபர் இரண்டையும் புதிதாக மாற்றியும் சத்தம் போகவில்லையாம். தம்பலகாமத்து வயல் பாதைகளில் தாஹிர் கண்மண் தெரியாமல் ஓட்டி எதையோ உடைத்துவிட்டார் என்பது அவருடைய முடிவு. நிரோஷினியும் அதையே சொன்னால் நாளைக்கே வேறு சாரதி வந்துவிடுவார். இதையெல்லாம் அந்த மனிதரை வைத்துக்கொண்டே சொன்னது ஸஜ்ஜாத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தாஹிர் சாவியை நிரோஷினிக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"வேலை போனா போகட்டும் மிஸ். ஆனா வண்டிய உடைச்சவன் எண்ட பேரோட போனா, இந்த ஊரில வேற எவரும் எனக்குச் சாவி தர மாட்டாங்க."

கிறிஸ்தோபர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடற்கரையிலேயே நிற்கிற வண்டிதான், ஆனாலும் பின்பக்கத்தில் ஒரு பொட்டுத் துரு இருக்கிறதா, கையை விட்டுப் பாருங்கள் என்று பெருமையடித்தார். ஸஜ்ஜாத் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். துரு இல்லைதான். கையைக் களிசான் தொடையில் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னான். ஜீப்பின் அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தான். பட்டைகள் எல்லாம் முழுசாக இருந்தன. அப்படியானால் புகைக்குழாய்தான் என்றான். அதுவும் அசையவில்லை.

நிரோஷினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவரவர் ஓட்டும்போது வண்டியில் வேறு யார், என்ன இருக்கும்? கிறிஸ்தோபர் எடுத்தால் பின்னால் படகு கொழுவியிருக்கும், இல்லாவிட்டால் முழுக் குடும்பமும் ஏறியிருக்கும். தாஹிர் பெரும்பாலும் வெறும் வண்டியோடு புகையிரத நிலையத்துக்கு விருந்தினரை எடுக்கப் போவார். அவள் தலையாட்டிவிட்டு, தாஹிரை ஓட்டச் சொல்லி முன்னால் ஏறினாள். ஸஜ்ஜாத் பின்னால் தொற்றிக்கொண்டான்.

வளைவில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று அவசரமே இல்லாமல் வீதியைக் கடந்தது. தாஹிர் பிரேக்கைப் பூப்போல மிதித்து நிறுத்தினார். மான் போனதும் காலை எடுத்தார். டக். ஸஜ்ஜாத்தின் இருக்கைக்கு அடியிலேயே கேட்டது. இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறவரா முரடன்?

கராஜுக்குத் திரும்பியதும் மணல் மூட்டைகளைப் பின்னால் ஏற்றச் சொன்னாள் நிரோஷினி. மறுபடியும் அதே வீதி, அதே சாரதி. இந்தத் தடவை ஒரு சத்தமும் இல்லை. ஸஜ்ஜாத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் மாறியதால் அல்ல, பாரம் மாறியதால் சத்தம் மாறுகிறது என்று கத்தியே விட்டான். அவள் சிரித்தபடி வண்டியை ஜக் போட்டுத் தூக்கினாள்.

பின் ஸ்பிரிங்கின் முனைகளில், இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ரப்பர் புஷ்கள் உண்டு. அவள் கம்பியால் நெம்பியதும் ஒன்று கறுத்த களியாகப் பிதுங்கி வந்தது. முன்சக்கரப் பக்கத்து ரப்பர்களோ விறைப்பாக, புதுசுபோல இருந்தன. அவள் மூன்று பேரையும் ஜீப்பைச் சுற்றி நிற்கவைத்தாள்.

"பாரம் இருந்தா ஸ்பிரிங் ஒரே பக்கமா அமர்ந்து நிக்கும், தட்டாது. வெறும் வண்டியில இந்த இடைவெளிக்குள்ள ஆடித் தட்டும். அதாலதான் தாஹிர் ஓடேக்க மட்டும் கேட்டது."

"ரப்பரை உப்புத்தண்ணி திண்டிட்டுது போல," என்றான் ஸஜ்ஜாத்.

"உப்பு இரும்பைத்தான் தின்னும் ஸஜ்ஜாத். ரப்பரை இப்பிடிக் களியாக்காது. உங்கட களிசானைப் பாருங்க."

பார்த்தான். தொடையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மோந்து பார்த்தான். எரிந்த ஒயிலின் நாற்றம். இவ்வளவு நேரமும் தடயத்தை உடுத்திக்கொண்டே ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

நிரோஷினி கிறிஸ்தோபர் பக்கம் திரும்பி, துரு பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து பழைய எஞ்சின் ஒயில் அடிப்பன்," என்றார் அவர். "படகு எஞ்சினுக்கும் இங்க எல்லாரும் அதைத்தானே பூசுறவை. முன்பக்கம் கடலுக்க இறங்காது, அதால பின்பக்கத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு கிழமையும் என்ர கையாலதான் அடிக்கிறனான். தாஹிரைத் தொடவும் விடுறேல்லை."

கடைசி வார்த்தை வரும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. இரும்பைக் காத்த ஒயில்தான் ரப்பரைத் தின்றிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

ஸஜ்ஜாத் பறந்துபோய்ப் புதிய புஷ்கள் வாங்கி வந்தான். பொழுது சாயுமுன் வேலை முடிந்தது. தாஹிர் மறுபடியும் மேசையில் வைத்திருந்த சாவியை எடுத்த கிறிஸ்தோபர், பழக்கத்தில் சாரதியின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு சாவியைத் தாஹிரின் கையில் வைத்தார்.

"பிழை என்னிலதான் தாஹிர். இவையளுக்கு முன்னால உங்களைக் குற்றம் சொன்னனான். இவையளுக்கு முன்னாலேயே சொல்லுறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தாஹிர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது.

"இனி ஞாயிறில நல்ல தண்ணியால கழுவுறது என்ட வேலை ஐயா," என்றார். "வண்டியில கிடக்கிற ஒயில் போத்தல இங்கேயே வச்சிட்டுப் போவம்."

கிறிஸ்தோபர் சுற்றிப் போய் இடப்பக்க இருக்கையில் ஏறினார். பின்னால் ஒரு மூட்டைகூட இல்லை. வெறும் ஜீப் கராஜ் வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது ஸஜ்ஜாத் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். ஒன்றும் கேட்கவில்லை.