உள்ளங்கை அகல இடைவெளி

கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆண்முகம்... அதுவும் மூன்றாம் மாடியில்.

இரவுப் பணி முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த செவிலி திடுக்கிட்டு எழுந்தாள். மழை வழியும் ஜன்னலுக்கு வெளியே, சாரத்துப் பலகையில் நின்றபடி அவன் டேப்பை நீட்டி அளவெடுத்துக்கொண்டிருந்தான். போர்வையைத் தோளோடு இழுத்துப் போர்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

“தூங்கற வீட்டை எட்டிப் பார்க்கறதுதான் உங்க வேலையா?”

“ஜன்னலைத்தாங்க பார்த்தேன்...”

அதுவரை அது உண்மையாகவே இருந்தது. பிறகுதான் அவன் நிமிர்ந்தான். உறக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்... கோபத்திலும் கனத்துத் தாழும் இமைகள்... மழைத்துளி ஒன்று அவன் மூக்கு நுனியில் வந்து தொங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

“பார்த்தாச்சில்ல? எழுதிக்கிட்டுக் கிளம்புங்க.”

எழுதிக்கொண்டு கிளம்பினான்.

போர் ஓய்ந்த கையோடு, வீடிழந்தவர்களுக்கென்று அவசர அவசரமாக எழுப்பிய குடியிருப்பு அது. தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அந்தத் தற்காலிகத்திலேயே இரண்டு தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிட்டன. குளிர்காலத்தில் சுவர்கள் வியர்த்தன. மூலைகளில் பூஞ்சை கறுத்தது. ஜன்னலைச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடியது. அறையைச் சூடாக்க எரித்ததில் பாதி ஆகாயத்தைச் சூடாக்கியது. இடித்துத் தள்ளாமல் செப்பனிட்டே நன்றாக வாழலாம் என்னும் எளிய உண்மை அதிகாரிகளின் அறிவுக்கு எட்ட இத்தனை காலம் பிடித்தது! இப்போது வெளிச்சுவர் முழுவதும் குளிர்தாங்கும் பலகைகளைப் பதித்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தப் போகிறார்கள். அந்த வேலைக்கு மேற்பார்வையாளன்தான் அவன்.

அத்தனை வீடுகளும் இசைந்தன. இசையாதவள் செவிலியின் அம்மா ஒருத்திதான். முன்பு குழாய் மாற்ற வந்தவர்கள் குளியலறைச் சுவரைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனவர்கள், போனவர்களே. அந்த ஓட்டையை அம்மா இன்னமும் அட்டை வைத்து மறைத்திருக்கிறாள்.

அவளிடம் பேசிப் பார்ப்பதற்கென்று அவன் காலைதோறும் மாடியேறினான். அம்மாவிடம் பேசியது கொஞ்சம். வாசலில் செருப்பைக் கழற்றும் மகளுக்காகக் காத்திருந்தது அதிகம். வாசற்படியில் தொடங்கிய சண்டை, நாளடைவில் கேலியாகக் கனிந்தது. அவள் உறங்கும் பக்கத்துச் சுவரில் பகலில் துளையிடக் கூடாதென்று ஆட்களை அவன் மறுபக்கம் அனுப்பியதை அவளே கண்டுபிடித்தாள்.

“நேத்து நல்லாத் தூங்கினீங்களா?”

“எங்கே... சத்தமே இல்லையேன்னு பயந்துபோய் முழிச்சுக்கிட்டேன்.”

களைத்த முகத்தில் அந்தச் சிரிப்பு... அவனுக்கு அன்றைய நாள் முழுவதற்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்றே அவள் அம்மாவிடம் சொன்னாள். “இவர் பாதியில விட்டுட்டுப் போறவர் இல்லம்மா. என் பேச்சை நம்பு.” அம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதமாகத் தலையசைத்தாள்.

ஜன்னல்கள் வந்திறங்கின. எல்லா வீடுகளிலும் கச்சிதமாகப் பொருந்தின. அவள் அறையில் மட்டும், பழையதைக் கழற்றி உடைத்துப் போட்ட பிறகு புதியதைத் தூக்கி வைத்தால்... ஓரத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. பெரியவருக்குச் சின்னப் பிள்ளையின் சட்டையை மாட்டியதுபோல் இருக்கிறதே என்று கீழ்வீட்டு மாமா சிரித்தார். படிக்கட்டே சிரித்தது. அம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. குளியலறை அட்டையை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். மகளுக்கு அதுதான் சுருக்கென்றது.

இனிமேல் மாடிக்கு வர வேண்டாமென்று அவனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் சாரத்தின் வழியாகவே ஏறி, இடைவெளியைப் பலகையால் தானே அடைத்துவிட்டுப் போனான். அதன்பின் வரவில்லை. இவனும் போனவனேதானா... அந்தப் பலகைக்குப் பின்னே மழை இரைவதைக் கேட்டபடி, உறக்கம் வராமல் கிடந்தாள். வேலையின் அலுப்பைவிட இந்த அலுப்புப் பெரிதாக இருந்தது.

ஒரு காலை, கால் கடுக்கப் பணியிலிருந்து திரும்பியவள், படிக்கட்டின் அடியில், மழையிலேயே நின்றிருந்த அவனைக் கண்டாள். தொப்பலாக நனைந்திருந்தான். கையில் டேப்.

“என்ன, ஜன்னல் செஞ்ச தொழிற்சாலைக்காரன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்ல வந்தீங்களா?”

“அவங்க மேல தப்பில்லைங்க. அன்னிக்கு டேப் கையிலதான் இருந்துச்சு. நான் உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே ஏதோ ஒரு அளவை எழுதிட்டேன்... ஆபீஸ்லயும் அதையே சொல்லிட்டேன்.”

“இதையேவா?”

“கண்ணை விட்டுட்டு மத்ததை.” தலையைக் குனிந்துகொண்டான். “வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. இந்த ஒரு ஜன்னலை மட்டும் நானே முடிச்சுட்டுப் போறேன்னு கேட்டு அனுமதி வாங்கிட்டு வந்தேன். ஆனா இனிமே நான் தனியா அளக்கக் கூடாதாம். ஒருத்தர் பிடிக்கணும், இன்னொருத்தர் படிக்கணும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, படிக்கறதுக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்.”

அவள் படியேறினாள். பாதியில் நின்று திரும்பினாள். “வாங்க... நனையறீங்க.”

பலகையைக் கழற்றியதும் மழைக்காற்று அறைக்குள் பாய்ந்தது. டேப்பின் ஒரு முனையை அவன் சட்டத்தில் அழுத்திப் பிடித்தான். மறுமுனை அவள் விரல்களில்.

“எவ்வளவு?”

அவள் டேப்பை இன்னும் இறுகப் பிடித்தாள்.

“எவ்வளவுங்க?”

“...பார்க்கலை,” என்றாள், தாழ்ந்த குரலில். எண்கள் அவள் விரலடியிலேயே இருந்தன. கண்கள்தாம் அங்கே இல்லை.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“உங்களை நம்பினா இந்த வீட்டுக்கு ஜென்மத்துக்கும் ஜன்னல் வராது. தள்ளுங்க ரெண்டு பேரும்... நான் படிக்கறேன்.”

இருவரும் தள்ளி நின்றார்கள்... ஒரே பக்கமாக.