சீல் பிரிக்காத தட்டு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல். துளிகூடப் பதற்றமில்லாத குரல். அதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"சார்... என் வீட்டுக்காரர் தரையில கிடக்கறார். கண்ணு திறந்திருக்கு. கூப்பிட்டா பேசமாட்டேங்கறார்."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. பெருமூச்சாத்தான் வருது."

ஜீப் பறந்தது.

மாடி அறை. நாலு சுவரிலும் அலமாரி. அலமாரி நிறைய இசைத்தட்டுகள். நடுவில் மல்லாந்து கிடந்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் பவர் பார்த்து மூக்கில் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். தெருவில் அவருக்கு வேறு பெயர்... தட்டு மாமா!

அவர் விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது. அலமாரியில் ஓர் இடைவெளியைக் காட்டியது.

"போயிடுச்சு சார்... என் தங்கம்."

"நகையை எதுக்கு இங்க வெச்சீங்க?"

மனைவி குறுக்கிட்டாள். "நகை இல்ல சார், பாட்டுத் தட்டு. நகை போயிருந்தா இவர் எழுந்து உக்காந்திருப்பார்."

இன்ஸ்பெக்டர் நோட்டம் விட்டார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் பத்திரம். ரத்தம் இல்லை. பிணம் என்று நம்பி வந்தவருக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"என்ன தட்டு அது?"

தட்டு மாமா எழுந்து உட்கார்ந்தார். "கல்யாணமான புதுசுல வாங்கினது. அடிச்ச கம்பெனியே இப்ப இல்ல. சீல் கூட பிரிக்கலை. கடையில எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருந்தேன்."

"பிரிக்கலையா? அப்ப பாட்டை எப்படிக் கேப்பீங்க?"

"போன்ல."

"போன்லயா?"

"டவுன்லோடு பண்ணியிருக்கேன். போன்ல பாட்டை ஓடவிட்டுட்டு, தட்டோட அட்டையைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. "அதான் பாட்டு போன்ல இருக்கே. தட்டு எதுக்கு சார்?"

"உங்க மனைவி போட்டோ உங்க போன்ல இருக்குமே? அதுக்காக வீட்ல அவங்க வேண்டாம்னு சொல்வீங்களா?"

இன்ஸ்பெக்டர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை சூடு பிடித்தது. முந்தின நாள் தம்பதி வெளியூர் போயிருந்தார்கள். கூடவே தங்கியிருக்கும் மனைவியின் தம்பியும் ஊர் சுற்றப் போனதில் வீடு பூட்டியே கிடந்தது. மாற்றுச் சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது வீட்டு ஆட்களுக்கும், நெருங்கிய சிநேகிதர்களுக்கும் தெரியும்.

முதல் சந்தேகம் அந்தத் தம்பி மேல். கீழ் அறையில் காதில் ஒயரோடு படுத்திருந்தான்.

"நானா? அதையா?" கொட்டாவி விட்டான். "சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம் சார். ஒருநாள் காபி ஆறிடக் கூடாதேன்னு டம்ளர் மேல ஒரு அட்டையை மூடினேன். மாமா என்னோட பேசறதையே நிறுத்திட்டார்."

அப்போது மாடியில் ஒரு கத்தல்!

இன்ஸ்பெக்டர் படிகளில் தாவி ஏறினார். மனைவி வாயைப் பொத்தியபடி அலமாரி முன்னால் நின்றிருந்தாள்.

"சார்... இந்த அட்டையை நான் தலைகீழா வெச்சிருந்தேன். இப்ப நேரா இருக்கு."

"நீங்க எதுக்கு அதைத் தலைகீழா வெச்சீங்க?"

"தூசி தட்டறப்போ வேணும்னே திருப்பி வெச்சேன். ஊருக்கே கண் டெஸ்ட் பண்றவராச்சே, எப்ப கண்டுபிடிக்கிறார்னு பாக்கலாம்னுதான். ஊருக்குக் கிளம்பறப்போகூட தலைகீழாத்தான் இருந்துச்சு."

தட்டு மாமா மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் தொடவே இல்லையே..."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"அப்ப திருடன்தான் அதை நேரா வெச்சிருக்கான். யோசிச்சுப் பாருங்க. பூட்டின வீட்டுக்குள்ள திருட வந்திருக்கான். எப்ப மாட்டுவோமோன்னு பயம். அந்த நேரத்துலயும் ஒரு அட்டை தலைகீழா இருக்கறது அவனுக்குப் பொறுக்கல. காபி டம்ளரை மூடறவன் செய்யற வேலையா இது? உங்களை மாதிரியே இன்னொரு கிறுக்கு... மன்னிக்கணும், இன்னொரு ரசிகர் இந்த ஊர்ல யாரு?"

தட்டு மாமாவின் முகம் வெளுத்தது.

"சலூன்காரன்," என்றார். "பள்ளிக்கூடத்துலேர்ந்து என் சிநேகிதன். ஒரே ஒரு தடவை அந்தத் தட்டைப் போட்டுக் காட்டுடான்னு கெஞ்சிக்கிட்டே இருப்பான். நான் சீல் போயிடும்னு மாட்டேன்னுடுவேன்."

இன்ஸ்பெக்டர் கணவன் மனைவி இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். சலூன் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பாட்டு! நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்மூடிக் கிறங்கிக் கிடந்தார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நுரை முகம் எழுந்து ஓடியே போனது.

சலூன்காரர் ஓடவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினார். "நான்தான் சார் எடுத்தேன். ஒரு தடவை கேட்டுட்டு சத்தமில்லாம வெச்சுடலாம்னு இருந்தேன். போன்ல கேட்டாச்சு. ஆனா ஊசி இறங்கறப்போ வருமே ஒரு கரகரப்பு... அதைக் கேக்காம செத்துடக் கூடாதுன்னு தோணுச்சு."

தட்டு மாமா அவரைப் பார்க்கவேயில்லை. கிழிந்து கிடந்த பிளாஸ்டிக்கைத்தான் பார்த்தார்.

"பிரிச்சுட்டியேடா..."

"நான் புதுசா ஒண்ணும் பிரிக்கல." சலூன்காரர் தட்டை நிறுத்தி எடுத்து நீட்டினார். "நடு ஓட்டையைப் பாரு. சுத்தி எத்தனை கோடு. எத்தனையோ தடவை பிளேயர்ல ஏறி இறங்கின தட்டுடா இது. மேல இருந்தது கம்பெனி சீலும் இல்ல. சாப்பாடு மூடி வெக்கற பிளாஸ்டிக்."

தட்டு மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். கோடுகள் அங்கேதான் இருந்தன. நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"வித்தவன் ஏமாத்திட்டான். இத்தனை வருஷம் பழைய தட்டையா பூட்டி வெச்சுக் கொஞ்சினேன்?"

"நீங்க புகார் எழுதிக் குடுத்தா இவரை உள்ள வெச்சுடுவேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன சொல்றீங்க?"

பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகம் ஒரு வார்த்தையில் தொங்கியது.

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மீதியைக் கேட்டுக்கட்டுமா சார்?" என்றார் சலூன்காரர். பதிலுக்குக் காத்திராமல் ஊசியை இறக்கினார்.

பாட்டு ஓடியது. நல்ல பாட்டு. கதவோரம் நின்ற மனைவி தன்னையறியாமல் முணுமுணுத்தாள். இன்ஸ்பெக்டருக்கு அது கேட்டது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திடீரென்று...

தட்டில் ஒரு கீறல். ஊசி துள்ளி அரை வரியைத் தாண்டியது.

மனைவியும் தாண்டினாள்!

ஊசி எந்த வார்த்தையில் துள்ளி எந்த வார்த்தையில் விழுந்ததோ, அவளும் பிசகாமல் அங்கேயே துள்ளி அங்கேயே விழுந்தாள். இன்ஸ்பெக்டர் சடாரென்று திரும்பினார்.

"அம்மா... போன்ல இருக்கற பாட்டுல இந்தத் துள்ளல் இருக்கா?"

முணுமுணுப்பு நின்றது.

"இல்ல," என்றாள். இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அந்தக் கீறலே நான் போட்டதுதான். பாட்டு ஓடறப்போ காலிங் பெல் அடிச்சுது. அவசரத்துல கை பட்டுடுச்சு."

"நீயா?" தட்டு மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எப்பலேர்ந்து?"

"நீங்க வாங்கிட்டு வந்த மறுநாள்லேர்ந்து. நீங்க கடைக்குப் போனதும் பிரிச்சு, நம்ம வீட்டு பிளேயர்ல போடுவேன். கேட்டு முடிச்சதும் புது பிளாஸ்டிக் சுத்தி, ஹேர் டிரையர்ல சூடு காட்டுவேன். கச்சிதமா ஒட்டிக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

தட்டு மாமா சிநேகிதனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இருவருக்கும் உயிரான ஒரு தட்டை இருவருக்கும் காட்டாமல் அலமாரியில் அடைத்து வைத்தது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"முதல்லேர்ந்து போடுடா," என்றார்.

"அப்ப புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுவும் வேண்டாம் சார். நீங்களும் உக்காருங்க."

ஊசி இறங்கியது. அந்தக் கரகரப்பு வந்தது. நால்வரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். ஒரு பக்கம் முடிந்தது.

அப்போதுதான் தட்டு மாமாவுக்குப் பொறி தட்டியது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆமா... வீட்ல சீல் பிரிக்காம இன்னும் ஒரு அலமாரி நிறைய இருக்கே. அதெல்லாம்?"

மனைவி சற்றே யோசித்தாள்.

"கீழ் வரிசையில இருக்கறதை மட்டும் ஒரு தடவைக்கு மேல போடலைங்க. அதுல ஒரு பாட்டும் சரியில்ல... அடுத்த தடவை வாங்கறப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க."